நிலைப்படி வெளிச்சத்தில் ஒரு புரொஃபைல் படம்

கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் அவர்களுடைய லிங்க்ட்இன் கணக்குகளைச் சரிபார்த்துத் தரும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். படிப்பு, பயிற்சி, திட்டப்பணி எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதியிருப்பார்கள். படத்தின் இடத்தில் மட்டும், அக்கா கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம் ஒன்று இருக்கும். ஓரத்தில் வேறு யாருடையதோ ஒரு பட்டுப்புடவைத் தோள் தெரியும், மண்டபத்து விளக்கின் மஞ்சள் முகம் முழுக்கப் படிந்திருக்கும், வெட்டிப் பெரிதாக்கியதில் கண்ணும் புருவமும் கலங்கிப்போயிருக்கும். நேரில் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு தெளிவான முகம் என்பதால் எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் பொறுக்காது. கையில் இருக்கும் கைப்பேசியையும் வீட்டு வாசலில் காசில்லாமல் கிடைக்கும் பகல் வெளிச்சத்தையும் கொண்டு அரை மணி நேரத்தில் நல்ல படம் எடுத்துவிடலாம் என்று அவர்களுக்குச் செய்து காட்டிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வாட்ஸ்அப் டிபிக்கும் ஜிமெயில் படத்துக்கும் இதே முறை போதும்.

முதலில் படத்தின் அளவு

புரொஃபைல் படத்தைப் பெரிய திரையில் விரித்து வைத்துப் பார்ப்பவர் நாம் ஒருவர்தான். மற்றவர்கள் அதைப் பெயர்ப் பட்டியலிலும், மின்னஞ்சலின் ஓரத்திலும், குழு உரையாடலிலும், கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு வட்டமாகவே பார்க்கிறார்கள். படம் எடுப்பதற்கு முன்பே இதை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதித் தவறுகள் தாமாகவே நீங்கிவிடும். கோயில் கோபுரத்துக்கு முன்னால் நின்று எடுத்த முழு உருவப் படமோ, மெரினாவில் கடலைப் பார்த்தபடி எடுத்த படமோ எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த வட்டத்துக்குள் முகம் ஒரு புள்ளியாகிவிடும்.

நாம் ஏற்றுவது சதுரப் படம், பெரும்பாலான தளங்கள் காட்டுவது வட்டம். சதுரத்துக்குள் அடங்கும் வட்டத்தை வெட்டியெடுத்தால் நான்கு மூலைகளிலுமாக ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பரப்பு போய்விடுகிறது. ஆகவே உச்சந்தலைக்கு மேல் ஒரு விரல்கடை இடம் விட்டு, கீழே தோள் முழுவதும் தெரிந்து மார்பின் மேல்பகுதியோடு முடியும்படி, முகம் படத்தின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல் இருக்குமாறு வெட்டுவதே சரியாக அமைகிறது. தோளை வெட்டிவிட்டால் கழுத்துக்கு மேல் தலை மட்டும் மிதப்பதுபோல் தோன்றும்.

படத்தின் கூர்மையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. லிங்க்ட்இன் பரிந்துரைப்பது 400-க்கு 400 பிக்சல். இன்றைய சாதாரணக் கைப்பேசியின் 12 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 4000-க்கு 3000 பிக்சல் கொண்டது. புதிய கைப்பேசி வாங்கிய பிறகுதான் நல்ல படம் எடுக்க முடியும் என்று காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

கை நீட்டி எடுக்கும் படம் ஏன் நம்மைப் போல் இருப்பதில்லை

செல்ஃபியில் தன் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று வருந்திய ஒரு மாணவி, படமே வேண்டாம் என்று கணக்கை வெறுமனே விட்டிருந்தாள். குறை அவள் முகத்தில் இல்லை, தொலைவில் இருக்கிறது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 சென்டிமீட்டர் ஆழம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால் காது 42 சென்டிமீட்டரில் இருக்கிறது. கேமராவுக்கு அருகில் உள்ளது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் பதியும் என்பதால், மூக்கு முன்னால் துருத்திக்கொண்டு காதுகள் பின்னால் ஒதுங்கிவிடுகின்றன. அதே கைப்பேசியை 150 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் காது 162-இல் இருக்கும். விகிதத்தில் வேறுபாடு கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2018-இல் வெளியான கணக்கீடு, ஓர் அடித் தொலைவில் எடுக்கும் செல்ஃபி, ஐந்து அடித் தொலைவில் எடுப்பதைவிட மூக்கைச் சுமார் 30 விழுக்காடு அகலமாகக் காட்டும் என்று சொன்னது. செல்ஃபியைப் பார்த்துவிட்டு மூக்கை அறுவைச் சிகிச்சையால் திருத்தக் கேட்டு வந்தவர்களுக்கு விளக்கவே அந்தக் கணக்கைப் போட்டார்கள். இதை அந்த மாணவிக்குச் சொல்லிவிட்டு, ஐந்து அடி தள்ளி நின்று எடுத்த படத்தைக் காட்டியபோது, அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே கைப்பேசியை முகத்திலிருந்து ஐந்து அடியாவது தள்ளி வைக்க வேண்டும். வேறொருவர் எடுத்துத் தருவதே நல்லது. ஆள் இல்லாவிட்டால் ஒரு ஸ்டூலின் மேல் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் தண்ணீர் நிரப்பிய ஒரு செம்பை வைத்து, அதன்மேல் கைப்பேசியைச் சாய்த்து நிறுத்தி, 10 விநாடி டைமரைப் போட்டுவிட்டு வந்து நிற்கலாம். கேமரா கண் மட்டத்தில் இருக்க வேண்டும். கீழேயிருந்து எடுத்தால் தாடையும் மூக்குத் துவாரமும் முன்னுக்கு வரும், மேலேயிருந்து எடுத்தால் நெற்றி பெருத்து உடல் குறுகும். முன்கேமராவைவிடப் பின்கேமரா பெரும்பாலான கைப்பேசிகளில் தரமானது. திரை நமக்குத் தெரியாது என்பதும் ஒரு வசதிதான், ஏனென்றால் நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டே நிற்கும்போது பார்வை லென்ஸை விட்டு விலகிவிடுகிறது. தள்ளி நிற்பதால் முகம் சிறிதாகத் தெரிந்தால் 2 மடங்கு ஜூமைப் பயன்படுத்துங்கள், அல்லது எடுத்தபின் வெட்டிக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் படத்தில் பாதி அகலத்தை வெட்டியெறிந்த பிறகும் 2000 பிக்சல் மிச்சம் இருக்கும்.

நிலைப்படி

படத்தின் தரத்தை முடிவு செய்வது கேமராவைவிட வெளிச்சம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் வீடுகளில் அதற்கென்று கட்டி வைத்ததுபோல ஓர் இடம் இருக்கிறது. வாசற்கதவை முழுவதும் திறந்து வைத்து, நிலைப்படிக்கு உள்ளே ஒன்றிரண்டு அடி தள்ளி, தெருவைப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். நேரடி வெயில் உங்கள்மீது விழக்கூடாது. வெளியே இருக்கும் வானத்தின் வெளிச்சம் மட்டும் கதவின் அகலத்துக்குப் பரந்து வந்து முகத்தில் விழ வேண்டும். பின்னால் வீட்டின் உட்பகுதி இயல்பாகவே இருண்டு போவதால் அங்கே இருக்கும் டிவியும் துணிக்கொடியும் மறைந்துவிடும், முகம் மட்டும் மென்மையாக எடுப்பாகத் தெரியும். படம் எடுப்பவர் வெளியே திண்ணையிலோ படியிலோ, வெளிச்சத்தை மறைக்காமல் சற்று ஒதுங்கி நின்று எடுக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குப் பால்கனிக் கதவும் பெரிய ஜன்னலும் இதே வேலையைச் செய்யும்.

வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. எடுத்த படத்தில் கண்ணை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியின் மேற்பாதியில் கதவின் வடிவில் ஒரு சின்ன வெள்ளைப் பளிச்சிடல் தெரிய வேண்டும். அது இருந்தால் கண்ணில் உயிர் இருக்கும். இல்லையென்றால் முகம் சற்றுக் கவிழ்ந்திருக்கிறது அல்லது நீங்கள் கதவிலிருந்து அதிகம் உள்ளே போய்விட்டீர்கள் என்று பொருள். நேராக நில்லாமல் உடலைக் கொஞ்சம் ஒருபக்கம் திருப்பி முகத்தை மட்டும் லென்ஸை நோக்கித் திருப்பினால், ஒரு கன்னத்தில் வெளிச்சமும் மறு கன்னத்தில் மெல்லிய நிழலும் விழுந்து முகத்துக்கு வடிவம் கிடைக்கும். நிழல் மிகக் கனமாக விழுந்தால் அந்தப் பக்கம் ஒரு நாற்காலியின் மேல் வெள்ளை வேட்டியை விரித்துப் போடுங்கள். அது வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அனுப்பும்.

நிறங்கள் ஏமாற்றுவதையும் கவனிக்க வேண்டும். சிவப்பு சிமெண்டுத் தரையில் வெயில் பட்டால் அந்தச் சிவப்பு தாடைக்கு அடியில் ஏறும். பச்சை வண்ணம் அடித்த சுவருக்குப் பக்கத்தில் நின்றால் கழுத்தோரம் நோயுற்றதுபோல் பச்சை படியும். வெளிச்சம் பகலுடையதாக இருக்கும்போது டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறொரு நிறமும் வரும். தலைக்கு மேல் எரியும் விளக்கு மட்டும் இருந்தால் புருவத்துக்கு அடியில் இரண்டு குழிகள் இருண்டு, தூங்காத முகம்போல் ஆகிவிடும். உச்சி வெயிலும் அப்படித்தான். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள்ளோ, மாலை நான்கு மணிக்குப் பிறகோ எடுப்பது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. மேகமூட்டமான நாள் என்றால் எந்த நேரமும் நல்ல நேரம்.

நிறத்தை மாற்றாதீர்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பல கைப்பேசிகளில் அழகூட்டும் வசதி நாம் கேட்காமலேயே ஓடிக்கொண்டிருக்கும். அது தோலை மெழுகுபோல் வழவழப்பாக்கி, நிறத்தை இரண்டு படி வெளுப்பாக்கிவிடும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கப் போன ஸ்டூடியோவில், கேட்காமலேயே என் முகத்தை வெளுப்பாக்கித் தந்தார்கள். தேர்வு அறையில் அந்தப் படத்தையும் என்னையும் கண்காணிப்பாளர் மாறி மாறிப் பார்த்த நிமிடம் இன்னும் மறக்கவில்லை. கருத்த நிறம் சரியான வெளிச்சத்தில் எவ்வளவு செழுமையாகப் பதியும் என்பதை அந்த நிலைப்படியில் பலமுறை பார்த்திருக்கிறேன். அழகூட்டும் வசதியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு எடுங்கள்.

கருத்த முகம் படத்தில் இருண்டுபோவதற்குக் காரணம் முகமல்ல, கேமரா வெளிச்சத்தை அளக்கும் முறை. தன் முன்னால் உள்ள காட்சி முழுவதையும் சராசரியாக நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர அது முயல்கிறது. பின்னால் வெள்ளைச் சுவரும் உடலில் வெள்ளைச் சட்டையும் இருந்தால் காட்சி மிகப் பிரகாசமாக இருப்பதாக எண்ணி எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடுகிறது. முகம் அதில் சேர்ந்து இருண்டுவிடுகிறது. திரையில் முகத்தை ஒருமுறை தொட்டால் அளவீடு முகத்துக்கு மாறும். தொட்ட இடத்தில் தோன்றும் சூரியன் அடையாளத்தை விரலால் மெல்ல மேலே இழுத்து, நேரில் தெரியும் நிறம் திரையிலும் வரும்போது நிறுத்திவிட வேண்டும். விரலைத் தொட்ட இடத்திலேயே சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அந்த அளவு பூட்டப்பட்டுவிடும், அடுத்தடுத்த படங்களில் மாறாது. வெள்ளைச் சட்டைக்குப் பதிலாக நீலம், மெரூன், கரும்பச்சை போன்ற ஒற்றை நிறம் அணிந்தால் இந்தச் சிக்கலே பெரும்பாலும் எழாது.

உடையைப் பற்றி வேறு அதிகம் சொல்வதற்கில்லை. நேர்காணலுக்கு எதை உடுத்திப் போவீர்களோ அதுவே போதும்; நெருக்கமான கட்டமும் கோடும் உள்ள துணி சிறிய படத்தில் அலையடிக்கும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்ற வேண்டாம், நாளும் அணிவதுதான் உங்கள் முகம். கண்ணாடியில் வெளிச்சம் மின்னினால் தாடையை ஒரு நூலளவு தாழ்த்துங்கள் அல்லது முகத்தைக் கொஞ்சம் திருப்புங்கள். பொட்டு, திருநீறு, தலைத்துணி, தாடி என்று வழக்கமாக உங்களோடு இருப்பவை எல்லாம் படத்திலும் இருக்கலாம்.

சிரிப்பு

கேமராவைக் கண்டதும் உடம்பு விறைத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. “சிரிங்க” என்று சொன்னவுடன் வாய் மட்டும் சிரிக்கும், கண் சிரிக்காது. முதல் பத்துப் படங்கள் வீண்தான் என்று முன்பே சொல்லிவிடுவேன். அதுவே பாதிப் பதற்றத்தைத் தணித்துவிடும். பிறகு படம் எடுப்பவர் பேச்சுக் கொடுக்க வேண்டும். ஒரு மாணவர் எவ்வளவு முயன்றும் முகம் இறுகியே நின்றார். அவர் வீட்டுக் கன்றுக்குட்டிக்கு என்ன பெயர் என்று கேட்டேன். பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது கண்ணோரத்தில் சின்னச் சுருக்கம் விழுந்தது, உதடு விரிவதற்கு முன்பே கண் சிரித்துவிட்டது. அந்த நொடியில் எடுத்த படத்தைத்தான் அவர் இன்றும் வைத்திருக்கிறார். பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமைதியான முகமே உங்கள் இயல்பு என்றால், தோளைத் தளர்த்தி, ஒரு மூச்சை வெளியே விட்டு முடிக்கும் தருணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். முப்பது, நாற்பது படங்கள் எடுப்பதில் தவறில்லை. கண் இமைத்தது, வாய் கோணியது எல்லாம் போக நான்கைந்துதான் தேறும்.

எந்தப் படம் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள்

எடுப்பதைவிடத் தேர்ந்தெடுப்பதே கடினம். கண்ணாடியில் நாள்தோறும் பார்க்கும் இடவலம் மாறிய முகம்தான் நமக்குப் பழகிய முகம். அமெரிக்காவில் 1977-இல் நடந்த ஓர் ஆய்வில், தங்கள் படத்தின் கண்ணாடிப் பிம்ப வடிவத்தையே மாணவிகள் விரும்பினார்கள், அவர்களுடைய தோழிகளோ சரியான வடிவத்தை விரும்பினார்கள். கேமரா எடுத்த படத்தில் வகிடு எதிர்ப்பக்கம் இருப்பதைப் பார்த்து “இது நான் இல்லை” என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான். உலகம் உங்களைப் பார்ப்பது அந்தப் படத்தில் உள்ளபடிதான். முன்கேமராவில் எடுத்திருந்தால், சட்டையில் இருக்கும் எழுத்து திரும்பித் தெரிகிறதா என்று பார்த்து, கேமரா அமைப்பில் பிம்பத்தை மாற்றும் வசதியைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் தன் பன்னிரண்டு படங்களில் தானே தேர்ந்தெடுத்ததைவிட, அவரை அறியாத ஒருவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த படமே பிறரிடம் மேலான எண்ணத்தை உண்டாக்கியது. பார்ப்பவர்கள் அவசரமாக முடிவு கட்டுகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் நடந்த ஆய்வின்படி, ஒரு முகத்தைப் பற்றிய முதல் எண்ணம் அமைய விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

நான் சொல்லும் வழி இதுதான். தேறிய நான்கைந்து படங்களை நகத்தளவுக்குச் சிறிதாக்கி, உங்களை அதிகம் பழகாத இரண்டு பேரிடம், ஒரு மூத்த மாணவரிடமோ தெருக்கோடிக் கடைக்காரரிடமோ, ஒரே ஒரு நொடி காட்டுங்கள். “எது நன்றாக இருக்கிறது?” என்று கேட்க வேண்டாம், “இதில் யாரிடம் வேலையை நம்பிக் கொடுப்பீர்கள்?” என்று கேளுங்கள். அம்மாவிடமும் நெருங்கிய தோழியிடமும் கேட்டால் எல்லாப் படமும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள், அவர்கள் பார்ப்பது படத்தையல்ல, உங்களை.

தேர்ந்தெடுத்த பிறகு வெட்டுவதும், கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவதும் போதும். நேற்று வந்த பருவை அழிக்கலாம், பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சத்தை அழிக்கக்கூடாது. செல்ஃபியைக் கொடுத்தால் கோட்டும் டையும் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவை பல்வரிசையையும் காதையும் தாடையையும் தங்கள் விருப்பத்துக்கு மாற்றிவிடுவதால், நேர்காணல் அறையில் நுழைபவர் படத்தில் இருப்பவர் இல்லை என்ற நிலை வரும். நான் அவற்றை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

முகம் காட்ட விருப்பமில்லாதவர்கள்

வாட்ஸ்அப்பில் தங்கள் படத்தை வைக்கப் பல பெண்கள் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப்பின் தனியுரிமை அமைப்பில் புரொஃபைல் படத்தை எல்லோருக்கும் காட்டுவதா, சேமித்த எண்களுக்கு மட்டும் காட்டுவதா, அவர்களிலும் சிலரை விலக்குவதா, யாருக்குமே காட்டாமல் இருப்பதா என்று தேர்ந்தெடுக்க முடியும். சேமித்த எண்களுக்கு மட்டும் என்பதே பொதுவாகப் பாதுகாப்பானது. முகமே வேண்டாம் என்றால், கோலம் போடும் கையோ தையல் எந்திரத்தின் முன் குனிந்த உருவமோ உங்களைச் சேர்ந்ததாக இருக்கட்டும். வேலைக்கான கணக்கில் மட்டும் முகம் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

பின்னணியில் வீட்டு எண், வண்டி எண், குழந்தையின் பள்ளிச் சீருடை, கழுத்தில் தொங்கும் அலுவலக அட்டை ஆகியவை தெரிந்தால் வெட்டிவிடுங்கள். உங்கள் படத்தை எடுத்து யாராவது போலிக் கணக்கு தொடங்கி உறவினர்களிடம் பணம் கேட்டால், அந்தக் கணக்கின் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு தளத்தில் புகார் அளிப்பதோடு, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் உடனே அழையுங்கள். பிறருடைய அடையாளத்தைக் கணினி வழியாகக் களவாடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

ஏற்றுவதற்கு முன் ஒரு சிறு கவனம். நண்பர் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும், நான்கு கை மாறினால் இன்னும் கலங்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். அப்படி வரும் மூலக் கோப்பில் எடுத்த இடத்தின் விவரமும் ஒளிந்திருக்கலாம் என்பதால், வேறு யாருக்கும் கொடுப்பதற்கு முன் கேலரியில் இட விவரத்தை நீக்கிவிடுங்கள். ஏற்றி முடித்ததும் உங்கள் கைப்பேசியில் பார்த்துத் திருப்திப்படாமல், அம்மாவின் கைப்பேசியை வாங்கி, பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சிறிய வட்டத்தைப் பாருங்கள். கண் தெரிகிறதா, உச்சந்தலை வெட்டுப்படாமல் இருக்கிறதா, கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தாலும் உங்களை அடையாளம் காண முடிகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கொஞ்சம் நெருக்கமாக வெட்டி மறுபடி ஏற்றுங்கள்.